செதிள் கஸ்பர்

மரச்சில்லை முதலில் மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார். பிறகு நாக்கு நுனியில் தொட்டு ஈரம் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கஸ்பர் அதைச் சுவரில் பொருத்தி ஆணியை எடுப்பார். இரண்டே அடி, ஆணி உள்ளே போய்விடும். மூன்றாவது அடி அடிக்கிறவன் சம்பளத்துக்கு வந்தவன், தொழிலுக்கு வந்தவன் அல்ல என்பது அவர் கணக்கு. அந்தச் சத்தத்தை வைத்தே மூன்று வீடு தள்ளி இருப்பவர்களும் கஸ்பர் வந்துவிட்டார் என்று அறிவார்களாம். அவரே சொன்னது.

வெள்ளைக்காரர் ஷிங்கிள்ஸ் என்று சொல்லும் அந்தத் தேவதாரு மரச்சில்லுக்கு அவர் வைத்த பெயர் செதிள். பாசையூர்க் கடலில் மீன் பிடித்த மனிதர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் சரி. ரொறன்ரோவுக்கு வந்து மூன்று வருடம் கோப்பை கழுவினார். மரச்சில்லு அடிக்கும் ஒரு போர்த்துக்கேயக் கிழவருக்கு ஏணி தூக்கினார். இன்றைக்குச் சொந்த வான் வண்டி, சொந்த ஏணி, வண்டியின் இரண்டு பக்கமும் சொந்தப் பெயர். படித்தவர்கள் படிப்புப் பத்திரங்களைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்த அதே நகரத்தில்தான் இத்தனையும் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், மனிதருக்கு முகம் மலரும்.

பீச்சஸ் பகுதியில், ஏரியைப் பார்த்தபடி நூறு வருடத்து மரவீடுகள் சில நிற்கின்றன. நகரத்துப் பணக்காரர் கோடையில் மட்டும் வந்து தங்கக் கட்டியவை. கூரை உச்சியிலிருந்து வழிந்து வந்து விறாந்தையையும் சேர்த்து மூடிக்கொள்ளும். மூலையில் ஒரு வட்டக் கோபுரம். கூரை, சுவர், கோபுரம் மூன்றையும் ஒரே செதிள் போர்த்தியிருக்கும். எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மழைநீர் அத்திவாரத்தில் இறங்காதபடி அடிச்சுவர் பாவாடை விளிம்புபோல வெளியே விரியும். பெயின்ற் கிடையாது. காற்று அடித்து அடித்து எல்லாம் வெள்ளிச் சாம்பல் நிறம்.

"வீட்டுக்கு எலும்பு தெரியக்கூடாது," என்பார் கஸ்பர். "தோல்தான் தெரியவேணும். மூலையிலை பலகை அடிச்சு மறைக்கிறவன் களவன். ஒண்டு இந்தப் பக்கத்தாலை, அடுத்தது அந்தப் பக்கத்தாலை, பாய் பின்னுற மாதிரிப் பின்னிக்கொண்டு ஏறவேணும். இந்தக் கரையிலை பதினேழு வீடு. பதினேழும் என்ர தோல்."

வெக்ஸ்போர்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குலசிங்கம் அவரைச் சீண்டாமல் விடமாட்டார். "என்ன அண்ணை, ஊரிலை மீன் செதிளை உரிச்சியள், இஞ்சை வந்து ஒட்டுறியள். கணக்குச் சரியாப் போச்சு."

"ஓமடா. உன்ர கடைக்கு முன்னாலை ஒட்டியிருக்கிற பிளாஸ்ரிக்கைப் போய்ப் பார். வெயிலுக்கு அப்பளம் மாதிரி நெளியுது."

கஸ்பருக்குப் பதினேழு வீட்டையும் வெளியால்தான் தெரியும். எந்த வீட்டிலும் அவர் உட்கார்ந்ததில்லை. மத்தியானச் சாப்பாடு வண்டிக்குள், ஏரியைப் பார்த்தபடி. மனைவி இறந்து ஆறு வருடம். மகள் பிரதீபா கல்கரியில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சில ஞாயிறு மறந்துவிடுவாள். வேலை முடிந்து நிலக்கீழ் அறைக்குள் நுழைந்ததும் மனிதர் முதலில் பார்ப்பது, செய்தி பதியும் போன் மெஷினில் சிவப்பு லைற் மினுங்குகிறதா என்றுதான்.

தொண்ணூற்றாறு நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அது மினுங்கியது. மகளில்லை, மிஸிஸ் பெல்லமி. அவருடைய பாட்டனார் கட்டிய கோடை வீட்டின் ஏரிப்பக்கச் சுவரை அன்றைக்குத்தான் கஸ்பர் உரித்துப்போட்டுத் தார்க்கடதாசி அடித்து வைத்திருந்தார். புதுச் செதிள் கட்டுகள் மரக்கடையிலிருந்து வரவேண்டும். மெஷினில் மிஸிஸின் குரல்: "கஸ்பர், ஐ ஹாவ் ஷிங்கிள்ஸ்." அதற்குப் பிறகு வேகமாக ஏதேதோ. அவருக்கு முதல் வரியே போதுமாயிருந்தது. கட்டுகள் வந்துவிட்டன.

விடிய ஏணியோடு போய் நின்றார். முற்றத்தில் ஒரு கட்டுக்கூட இல்லை. கதவைத் திறந்த மிஸிஸ் இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"வெயர் ஷிங்கிள்ஸ், மிஸிஸ்?"

கிழவி ஒரு கணம் பார்த்துவிட்டு, இரவுச்சட்டையின் பக்கத்தை விலக்கிக் காட்டினார். விலா நீளத்துக்குச் சிவந்த கொப்புளங்கள்.

"ஐயோ மாதாவே, உது அக்கி எல்லோ!"

இங்கிலிஷில் அக்கிக்கும் அதே பெயர்தான் என்று கஸ்பருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மிஸிஸ் சிரித்தார். சிரிக்கவும் நொந்தது.

கட்டுகள் மத்தியானம் வந்தன. முதல் செதிளை வைத்து அவர் முதல் அடி அடித்ததும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது, கூப்பிட்டதல்ல, அழுததுமல்ல. கஸ்பர் ஓடிப்போய்ப் பார்த்தார். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் கட்டில். அடிக்கிற அடி நூறு வருடத்துப் பலகை வழியாக மெத்தைக்கு வந்து, கொப்புளங்களில் இறங்குகிறது. வேறு அறைக்குப் போகலாமே என்று சைகை காட்டினார். மிஸிஸ் முடியாது என்று தலையை ஆட்டினார். கோடைக்குக் கட்டிய வீடு; ஹீற்றர் அந்த ஓர் அறையில் மட்டும். டொக்டர் குளிசை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மகன் வன்கூவரில், கிறிஸ்மஸுக்கு வருவானாம். வெள்ளிக்கிழமை பனி கொட்டும் என்று றேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கிழவிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பலகையும் தார்க்கடதாசியும்தான்.

கஸ்பர் சுத்தியலை வண்டிக்குள் போட்டார். கையால் சுற்றும் துறப்பணம் ஒன்றும் துருப்பிடிக்காத திருகாணிப் பெட்டிகளும் வாங்கி வந்தார். செதிளுக்கு இரண்டு ஓட்டை, இரண்டு திருகாணி. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. செதிளுக்கும் செதிளுக்கும் இடையில் நெருப்புக்குச்சி அளவு இடைவெளி விடவும் மறக்கவில்லை; நனைந்தால் மரம் வீங்கும், மூச்சுவிட இடம் கொடுக்காவிட்டால் சுவர் வயிறு தள்ளும். செவ்வாய், புதன், வியாழன். தெருவில் ஒருவருக்கும் கஸ்பர் வந்திருப்பது தெரியாது. மத்தியானம் உள்ளே போய்ச் சூப் சூடாக்கி வைப்பார். "ஈற், மிஸிஸ்," என்பார். கட்டிலிலிருந்து எட்டத்தில் கதிரை போட்டு, மிஸிஸ் குடித்து முடியும்வரை இருப்பார்.

வியாழன் பின்னேரம் பாண் வாங்கப் போனபோது குலசிங்கம் அவருடைய மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். இட்லி போல வீங்கியிருந்தது.

"என்ன அண்ணை, எத்தினை ஆயிரம் ஆணி? ஒண்டும் கதைக்கேல்லை?"

"பாணைத் தா."

"சுகமில்லையோ?"

"எனக்கில்லை," என்றார் கஸ்பர். பாணை வாங்கிக்கொண்டு வெளியேறினார். குலசிங்கம் கடைவாசல்வரை வந்து, போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானமும் சூப் குடித்துவிட்டுத்தான் மிஸிஸ் படுத்தார். மூன்று மணிக்குப் பனி தொடங்கிவிட்டது. கூரைக்கு அடியில், ஏணி உச்சியில் கடைசி வரி. விரல்கள் மரத்துப்போய், ஒரு திருகாணியைத் தவறவிட்டு, இறங்கி முழங்காலில் நின்று தேடி எடுத்து, கடைசிச் செதிளையும் இறுக்கினார். சுவர் மூடியாயிற்று. உள்ளே சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை.

கஸ்பர் ஏணியால் இறங்கிக் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கட்டிலின் தலைமாடு எங்கே வரும் என்று கையால் அளந்து, அந்த இடத்தில், புதுச் செதிளின்மேல் காதை வைத்து, தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.