மைக்காரச் சாமியின் சத்தியக்கடதாசி

அரசாங்க அலுவலகமான கச்சேரி வாசலில் வாகை மரத்தின் கீழ் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் இராசமலருக்கு வாய் பொல்லாதது. மனு அடிக்க வருகிறவன் ஒரு சொல் கூட்டிச் சொன்னால், "இதுக்குச் சாட்சி ஆர்?" என்று கேட்டுவிடுவாள். காணாமற்போனவர்களைத் தேடும் மனுக்களில் பாதி அவள் கையால் போனவைதான். 'தயைகூர்ந்து' என்று அடித்தடித்தே அந்த இயந்திரத்தின் எழுத்துகள் தேய்ந்து கிடந்தன.

அவளுடைய புருசன் யோகலிங்கமும் தொண்ணூறாம் ஆண்டு கந்தளாய்க்குப் போனவன், திரும்பவில்லை. வழியில் பஸ்ஸை மறித்தவர்கள் யாரென்று ஏழு வருசமாகியும் தெரியாது. கிராமத்து அதிகாரியான விதானையார் இரக்கப்பட்டு ஒரு மரணப் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினாள். காரணம், லிங்கநகர் குணரத்தினம் சாமி.

சாமியின் வரலாறு பெரிதல்ல. கந்தளாய்ச் சீனி ஆலையில் களஞ்சியக் காவலாளியாக இருந்தார். அந்த வேலை போன மாதமே அம்பாள் கனவில் வந்தாள். அதுவரை அம்பாளுக்கு அவருடைய விலாசம் கிடைக்கவில்லைப் போலும். அதன் பிறகு வெற்றிலையில் மை தடவிப் பார்த்துத் தொலைந்த மாடு, தொலைந்த சங்கிலி எல்லாம் சொன்னார். சண்டை வந்ததும் மாடுகளை விட்டுவிட்டுத் தொலைந்த மனிதர்களைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குத்தான் சனம் கூட்டமாக வந்தது.

"மேற்குப் பக்கம். ஒரு இருட்டறை. உயிரோடைதான் இருக்கிறார். அந்தப் படிவத்தை நிரப்பினியெண்டா நீயே அவரைச் சாகடிச்ச மாதிரி, பிள்ளை" என்று சாமி வெற்றிலையைப் பார்த்தபடி இராசமலருக்குச் சொல்லியிருந்தார்.

ஊரார் மனுவிலெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிற இராசமலர் இதற்கு மட்டும் சாட்சி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, 'நான் விலை சொல்லுறேல்லை, மனசுக்குப் பட்டதை வையுங்கோ' என்று சாமி காட்டும் தட்டில் காணிக்கை வைத்துவிட்டு வந்தாள். பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன.

ஒரு புதன்கிழமை சாமி அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. சாத்திரம் சொல்லி வரும் வருமானத்துக்குக் கணக்குக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவள் தன்னிடம் வருகிறவள் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏழு வருசமும் அவர் பார்த்தது வெற்றிலையையும் தட்டையும்தான்.

"ஒரு சத்தியக்கடதாசி அடிக்கவேணும், தங்கச்சி. சட்டத்தரணி எழுதித் தந்தவர். தொழிலெண்டு சொன்னா வரி கட்டவேணும். குறி பலிக்குமெண்டு சொன்னா நாளைக்கு ஆரும் மோசடியெண்டு வழக்குப் போடுவினம். ரெண்டுக்கும் தப்ப இப்பிடித்தான் எழுதவேணுமாம்."

சட்டத்தரணியின் கையெழுத்து விளங்காததால் அவரே வாசித்தார். அவள் காபன் வைத்து அடித்தாள்.

'மறைந்தவர்களைக் காணும் சக்தி எதுவும் எனக்கு இல்லை. நான் உபயோகிக்கும் மை விளக்குக் கரியும் எண்ணெயும் மட்டுமே. மனம் நொந்து வருபவர்களின் ஆறுதலுக்காகச் சில வார்த்தைகள் சொல்வதன்றி வேறொன்றும் நான் அறியேன். அவர்கள் தருவது காணிக்கை, எனது வருமானம் அன்று.'

இரண்டாம் வசனத்தில் அவளுடைய விரல் நின்றது.

"இது உண்மையோ, சாமி?"

"சத்தியக்கடதாசியிலை பொய் எழுத ஏலுமோ? பிடிபட்டா மறியலுக்குள்ளை போட்டுப் பூட்டிப்போடுவாங்கள்."

"அப்ப சனத்துக்கு இருட்டறை, மேற்குப் பக்கம் எண்டு சொல்லுறது?"

"அது சும்மா ஒரு கதை. உயிரோடை இருக்கெண்டு சொன்னா ஆருக்கு நட்டம்?"

மேசையைத் தூக்கி அவர் மேல் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் மிச்சத்தையும் பிழையில்லாமல் அடித்து முடித்தாள். அவர் பக்கத்துக் கொட்டிலில் இருந்து சத்தியக்கடதாசிகளுக்கு அத்தாட்சி வைக்கும் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்துவிட்டுச் சந்தோசமாகத் திரும்பி வந்தார்.

"எவ்வளவு, தங்கச்சி?"

"நான் விலை சொல்லுறேல்லை. உங்கட மனசுக்குப் பட்டதை வையுங்கோ."

அவருடைய வாசகமேதான். அப்போதுதான் அவர் முதன்முதலாக அவள் முகத்தைப் பார்த்தார். தாலியையும் பார்த்தார். நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

இராசமலர் காபன் பிரதியை நாலாக மடித்து லாச்சிக்குள் வைத்தாள். படிவத்தை வெளியே எடுத்தாள். அடுத்த ஆளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அதை இயந்திரத்தில் செருகிப் புருசனின் பெயரை அடித்தாள். கடைசியாகக் கண்ட திகதி என்று ஓர் இடம் இருந்தது. அதை அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலை அவன் சேர்ட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தது அவள்தான். திகதியை அடிக்கும்போது, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், வாய்விட்டு அழுதாள்.