சூட்டில் இழுபட்ட கம்பி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைக்குடியில் ஓர் அரிசி ஆலையில் நான் மெக்கானிக்காக இருந்தேன். நெல் அவிக்கும் உலைவாய்க்கு மேலே, புகை போகும் வழியில், ஒரு தண்ணீர்த் தொட்டி நான்கு கம்பிகளில் தொங்கியது. பழைய இரும்புக் கடையில் வாங்கிய கம்பிகள். நாலையும் ஒரே அளவில் வெட்டி மாட்டியவன் நான்தான்.

அந்த வருடம் என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சவூதியிலிருந்து லீவில் வந்தார். இரும்பைச் சூட்டில் வைத்துச் சோதிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. தொட்டியை அண்ணாந்து பார்த்தவர், "இந்த இரும்பில மிச்சம் ஏதும் கிடக்கா மச்சான்?" என்று கேட்டார்.

கிடந்த துண்டொன்றை, சீக்கிரம் தெரியட்டும் என்று நடுவில் மெலிதாக அராவி, புகைவழியின் ஊடாகத் தொங்கவிட்டு, வெளியே நீண்ட கீழ்முனையில் தராசுப் படிக்கல்லைக் கட்டினார். கல்லின் அடிமட்டத்தைச் சுவரில் கோடாகக் கீறினார்.

மறுநாள் கல் கோட்டுக்குக் கீழே நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

உலைக்கு உமி தள்ளுகிற பெண் முதலில் பயந்தாள். "தம்பி, இது இண்டைக்கும் இறங்கியிரிக்கி. ஆரு தொடுற?"

எனக்கும் சந்தேகம் வந்தது. மாலையில் கல்லைச் சுற்றி உமிச்சாம்பலைத் தூவிவிட்டுப் போனேன். காலையில் சாம்பலில் ஒரு பூனைக்கால் தடம்கூட இல்லை. கல் மட்டும் இறங்கியிருந்தது. அன்று முதல் கல்லுக்குக் கிட்ட ஒருவரும் போகவில்லை. மச்சானோ, "ஒருத்தரும் தொடத் தேவல்ல. சூட்டில பாரம் சுமந்தா இரும்பு தானா இழுபடும். அங்க ஒரு அறை முழுக்க இப்பிடித்தான் தொங்குது" என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கல் மெதுவாகவே இறங்கியது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆலைக்கு முதலில் திரும்பியது நான். இயந்திரங்கள் நின்றிருந்தன. உலை மட்டும் கனன்றது. சுவரைப் பார்த்தேன். கல் நகர்ந்துகொண்டிருந்தது. நிழல் இறங்குவது போல, என் கண் முன்னாலேயே. சத்தமில்லாமல் கம்பி அறுந்தது. கல் சீமெந்துத் தரையில் விழுந்த ஓசைதான் கேட்டது.

மச்சானும் முதலாளியும் ஓடிவந்தார்கள். மச்சான் தொட்டிக் கம்பிகளைக் காட்டியதும் முதலாளி, "தொட்டி இவ்வளவு காலம் நிண்டதுதானே?" என்றார்.

"இதுவும் நேத்து வரைக்கும் நிண்டதுதான்" என்றார் மச்சான். அறுந்த இடம் மெழுகை இழுத்தது போல ஒடுங்கியிருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த முதலாளி உலையை அணைக்கச் சொன்னார்.

உலை ஆறியதும் தொட்டியை இறக்கி, நாலு கம்பிகளையும் தரையில் வரிசையாகப் போட்டோம். ஒன்றுக்கொன்று சமமில்லை. ஒன்று மற்றவற்றைவிட இரண்டு விரல் நீளம். அதன் நடுவிலும் அதே ஒடுக்கம்.

உமி தள்ளுகிற பெண் குந்தியிருந்து அந்த ஒடுக்கத்தை விரலால் தடவினாள்.

"இது எந்த மூலையில கிடந்தது தம்பி?"

நான் உலைவாயைக் காட்டினேன். அவள் தினமும் நிற்கிற இடம். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். புதுக் கம்பிகள் மாட்டிய பிறகும், மேலே ஒரு தரம் பார்க்காமல் அவள் உமிக் கூடையைத் தூக்கியதில்லை.