வெடிக்காத உப்பு

என் மகளுக்கு உப்பை உருக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. அவளை அனுப்புவதா வேண்டாமா என்று என் மனைவி நாலு நாளாகச் சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கும் மனசு சரியில்லை.

அணு உலையில் எரிபொருளைக் கம்பிகளாக அடுக்காமல், உருகிய உப்பில் கரைத்து ஓடவிடும் முறை ஒன்று இருக்கிறதாம். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்காமலே அணுவைப் பிளக்கலாமாம். அங்கே இப்போதைக்கு எரிபொருள் கிடையாது, வெறும் உப்பைக் குழாயில் சுற்றவிட்டுப் பார்ப்பதுதான் வேலை என்றாள் மகள். நான் பதினொரு கேள்வி கேட்டேன். கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது மூன்றாவது.

"உலையா இருந்தா அடியில உறைஞ்ச உப்புலயே ஒரு அடைப்பு இருக்கும்ப்பா. அத குளுர வச்சிக்கினே இருப்பாங்க. கரண்டு போனா தானா உருகிடும். எல்லாம் கீழ இருக்கற தொட்டிக்கு எறங்கிடும். ஆளே வேணாம்."

ஆளே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப பயப்பட ஒண்ணுமே இல்லியா?"

"ஈரம் இருக்குதே. அது பூந்துட்டா அந்த உப்பு குழாயையே தின்னுடும்."

அதைப் புரியவைக்கக் கல்லுப்பை இரும்பு வாணலியில் போட்டு வறுத்தாள். கற்களுக்குள் அடைபட்டிருந்த நீர் ஆவியாகிப் படபடவென்று வெடித்தது. எழுபது வரை எண்ணினேன். அப்புறம் இடைவெளி நீண்டது. அப்புறம் சத்தமே இல்லை. ஆறியதும் அந்த உப்பை ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக மூடினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கிளம்ப வேண்டும். மழை விட்டும் கல்வராயன் மலை வெளியே வரவில்லை. மேற்கே வெள்ளையாக ஏதோ நின்றது. எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும் உப்பைத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவது வழக்கம். கூடவே போடும் மிளகாயை மட்டும் என் மூச்சிழுப்புக்காக விட்டுவிட்டோம். உப்பு வெடித்தால் கண்ணேறு கழிந்தது என்று அர்த்தம்.

மனைவி மகளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தாள். மூன்று சுற்று. பின்கட்டில் வெந்நீர் அடுப்பின் தணலில் உப்பைப் போட்டாள்.

ஒன்றுகூட வெடிக்கவில்லை.

நான் ஊதாங்குழலை எடுத்து ஊதினேன். கற்கள் சிவந்தன. ஓரங்கள் மழுங்கின. ஒன்று கண்ணீரைப் போலத் தெளிவாகித் தணலின் இடுக்கில் இறங்கிப் போனது. கொதிக்கவில்லை, புகையவில்லை. அவ்வளவு சூட்டில் ஒரு பொருள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மகள் குனிந்து, தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ கண்ணுடி இது, உப்பையே ஊமையாக்கிடுச்சி! நீ போவாத. பைய உள்ள வையி."

"எந்த உப்பும்மா எடுத்த?"

"டப்பாவுல இருந்தத. ஜாடி உப்பு மழைக்கி தண்ணி வுட்டுக்கினு கெடக்குது."

மகள் சிரித்துவிட்டாள். "அது நான் வறுத்து வச்சது. இன்னாத்த வெடிக்கும் அது?"

நானும் சிரிக்கப் பார்த்தேன். மனைவி சிரிக்காமல் உள்ளே போய் ஜாடியிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தாள். விரலிடுக்கில் நீர் சொட்டியது.

"அங்க எப்பிடிடி? சத்தம் போடுமா?"

"போடக் கூடாதும்மா. சூடேத்தறப்ப சத்தம் போட்டா ஈரம் இருக்குதுன்னு அர்த்தம்."

மனைவியின் கை அடுப்புக்கு மேலே நின்றது. ஐம்பது வருஷமாக அவள் காத்திருந்து கேட்ட சத்தம் அது. அதை இப்போது மகளுக்காகக் கேட்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உப்பைத் திரும்பக் கொண்டுபோய் ஜாடியிலேயே போட்டு மூடிவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. போ" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் மகள் போன் செய்வாள். மனைவி சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

"உப்பு சத்தம் போடலியே?"

"இல்லம்மா."

பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். ஒன்று என்று எண்ணுவதற்குள் பதில் வந்துவிடும். போன வெள்ளிக்கிழமை நாலு வரை எண்ணிவிட்டேன்.

"இல்லம்மா" என்றாள்.