நாற்பத்தைந்து நாள் கட்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கயிற்றுக் கட்டிலில் அக்கா. அவள் தலைமாட்டில் அவள் மகள். வாசற்படியில் என் மனைவி. தரையில், எலும்புக்குக் கட்டுப் போடுகிற எங்கள் ஊர்ப் பெரியவர். அவருக்கு எதிரே முட்டை வெள்ளைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நான்.

அதற்குப் பத்து நாள் முன்பு, பங்குனியில், வேர்க்கடலை பிடுங்கும்போது அக்கா கழனியிலேயே சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். வலது கை மட்டும் ஈரத்துணி மாதிரி தொங்கியது. கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை அலமாரியில் வைத்துவிட்டேன். புத்தூர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கை என்றால் கட்டுதான். மரத்திலிருந்து விழுந்தாலும் கட்டு, மாடு முட்டினாலும் கட்டு. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் கட்டுக்காக எங்கள் பக்கம் வருகிறார்கள். நாங்கள் போய் வெளியூரில் கைக்கு வைத்தியம் பார்ப்பதா என்று நினைத்தேன்.

பெரியவர் அக்காவின் கையை அழுத்திப் பார்த்தார். "இது எலும்பு இல்லப்பா. எனக்கு இதுல வேலை இல்ல" என்றார். நான் விடவில்லை, கெஞ்சினேன். கடைசியில் பச்சிலையும் முட்டை வெள்ளையும் பூசி, விரல்களை லேசாக மடக்கி, மூங்கில் பத்தை வைத்துத் தளர்வாகக் கட்டினார். மூன்று நாளில் அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். நான் அவிழ்க்கவில்லை. எலும்புக்கு நாற்பத்தைந்து நாள் என்றால் நரம்புக்கும் அதுதான் என்று எனக்குள்ளே முடிவு. கட்டு தளர்ந்தபோதெல்லாம் நானே இறுக்கிவிட்டேன். அவிழ்த்த அன்று விரல்கள் உள்ளங்கைக்குள் போய் இறுகியிருந்தன. பிரித்துப் பார்த்தேன். அக்கா பல்லைக் கடித்தாள். அப்போதுதான் சீட்டைத் தேடினேன்.

திருப்பதியில் பயிற்சி கொடுக்கிற மேடம் சின்ன வயசு. தெலுங்குக்காரர், எங்களோடு தமிழ் பேசுவார். கட்டின தடத்தைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். நானே சொன்னேன். மேடம் திட்டவில்லை. "இந்தக் கைய மூளை மறந்து போச்சு. வேலை குடுத்தாத்தான் நெனப்பு வரும். நீங்க ஒன்றரை மாசம் லீவு குடுத்துட்டீங்க" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நடையைப் பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை. தை மாதம் நாராயணவனம் கோயிலில் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். பந்தியில் சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றுக் கையால் சாப்பிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் கேட்டது. இடது கையால் சாப்பிட மாட்டாள். ஸ்பூனைத் தள்ளிவிடுவாள். மகள் ஊட்டினால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

வாரம் இரண்டு நாள் வடமாலபேட்டையில் பஸ் ஏறினோம். மற்ற நாள் வீட்டில். வெந்நீரில் கையை வைப்பது, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பது, பலகையில் உள்ளங்கையைப் பதித்து அதன்மேல் சாய்வது. பிறகு தட்டில் இருக்கும் வேர்க்கடலையை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது. நாள் கூலிக்கு மூட்டை மூட்டையாகப் பிடுங்கிய கை அது. ஆவணி வரை ஒரு கடலை கூடக் கிண்ணம் ஏறவில்லை. வேலை முடிந்து வந்து தட்டை எடுக்கவே எனக்கு அலுப்பாக இருக்கும். சில நாள் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

புரட்டாசியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொண்டன. உடனே மேடம் இடது கைக்கு ஒரு துணி உறையை மாட்டி, என்னை முடிச்சுப் போடச் சொன்னார். தினம் இரண்டு மணி நேரம் நல்ல கையைக் கட்டி வைத்தால்தான் இந்தக் கை வேலைக்கு வரும் என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், மொதல்ல கெட்ட கைய கட்டின. இப்ப நல்ல கைய கட்டிக்கினு கீற. வாயையும் கட்டிட்டா உன் வேலை முடிஞ்சிடும்."

மேடம் சிரித்தார். பங்குனிக்குப் பிறகு அக்கா அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் இன்றும் மடங்கியேதான் இருக்கின்றன. கட்டினதால்தான் இப்படியா என்று மேடத்தைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு உறுதி.

அந்தத் தையில், கல்யாணத்தன்று ரச வாளியோடு எதிர் வரிசையில் நின்றேன். சம்பந்தியம்மா குனிந்து, "கஷ்டப்படாதீங்க அண்ணி, ஸ்பூன் எடுத்தாரச் சொல்றேன்" என்றார். "வேணாம் அண்ணி, துன்னுக்கிறேன்" என்றாள் அக்கா. மூன்று விரலால் அள்ளினாள். பாதி இலையிலேயே விழுந்தது, மீதி வாய்க்குப் போனது. சம்பந்தியம்மா தன் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். யாரோ ரசம் கேட்டார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கை நடுங்க ஆரம்பித்ததும், அதே கையால் இலையை மூடினாள்.

பதினோரு வாய்.