தொட்டிக்குள் என் ஆட்கள்

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் மூலையில் உங்களுக்கு நாற்காலி போட்டிருந்தால், நீங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையில் சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் எனக்கு அந்த வேலை. அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வது உண்மையில் நானல்ல, பெரிய தொட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். நாங்கள் 'பூச்சி' என்போம். தண்ணீரில் கரைந்த அழுக்குதான் அவற்றுக்குச் சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் வேலை வாங்கி, கண்ணுக்குத் தெரிந்தவர்களிடம் திட்டு வாங்கும் நண்பர்களே, உங்களுக்குத்தான் இது.

பொங்கல்

தொட்டியை முதன்முதலில் ஓடவிடும்போது பூச்சிகளை வளர்க்க வேண்டும். அதற்குப் பசுஞ்சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். வண்டியில் நாலு மூட்டை வெல்லமும் பின்னால் டிரம் டிரம்மாகச் சாணமும் வந்தபோது, கேட்டில் இருந்த ஆரம்பாக்கத்து செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. கம்பெனியே 'நைனா' என்று கூப்பிடும் பெரியவர் அவர். சரக்குச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக மூடினார்.

"இன்னாம்மா, சாணி வந்துகீது, வெல்லம் வந்துகீது... மாடு எப்போ வருது?"

ஞாயிற்றுக்கிழமை

நம்மைப் போலவே பூச்சிக்கும் மூச்சு வேண்டும். தண்ணீரில் காற்று கரையும், ஆனால் கொஞ்சமாகத்தான். அதனால் மோட்டார் வைத்து, தொட்டியின் அடியிலிருந்து ராப்பகலாகக் காற்று ஊதிக்கொண்டே இருப்போம். எலக்ட்ரீஷியன் குமாருக்கு அது வீண் செலவாகப் பட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ரயில்வே கேட் தாண்டும்போதே நாற்றம் என்னை வரவேற்றது. தொட்டி கறுத்துக் கிடந்தது. ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, பாதிப் பூச்சியாவது பிழைக்க வேண்டுமே என்று அங்கேயே நின்றேன். பிழைத்தன. பிறகு குமாரைப் பிடித்து, "உங்க வீட்டு மீன் தொட்டியில எதுக்கு முட்டை முட்டையா காத்து விடுறீங்க?" என்று கேட்டேன். அவர் நிஜமாகவே அதிர்ந்து போனார்.

"அது டெகரேஷன் இல்லியா மேடம்?"

உப்பு

இதுதான் என்னை அழவைத்தது. மாங்காய் ஊறிய உப்புத்தண்ணீரைத் தனி டேங்கில்தான் விட வேண்டும். அந்த டேங்க் நிரம்பி வழிந்த ஒரு நாள், உற்பத்தி சூப்பர்வைசர் காதர் பாய் மொத்தத்தையும் என் தொட்டிக்குத் திறந்துவிட்டார். சுற்றிலும் உப்பு அதிகமானால் பூச்சிகளின் உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் வெளியே ஓடிவிடும். தண்ணீருக்கு நடுவிலேயே அவை காய்ந்து போகும். நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நேற்று வரை குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தவை சுருங்கிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

தண்ணீரை வெளியே விட முடியாது, தொட்டியோ நிரம்புகிறது. உற்பத்தியையே நிறுத்த வேண்டியதாயிற்று. காதர் பாய் ஓடி வந்தார். நல்ல மனிதர். தானே டேங்கர் பிடித்து, பக்கத்து பிஸ்கட் கம்பெனியில் கெஞ்சி, அவர்கள் தொட்டியிலிருந்து உயிருள்ள பூச்சிச் சேற்றை அள்ளிவந்து ஊற்றினார். பத்து நாளில் தொட்டிக்கு உயிர் வந்தது. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊறுகாயைத் தொடவே இல்லை. கடைசியில், "உப்பு போட்டா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா பாய்?" என்றேன். முப்பது வருஷமாக ஊறுகாய் போடுகிறவர், தலையைச் சொறிந்தார்.

"தெரியும் மேடம். கெட்டுப்போகாம இருக்கும்னு நெனச்சேன்."

மீன்

சுத்தமான தண்ணீர் வெளியே போகும் இடத்தில் சின்னத் தொட்டி கட்டி மீன் விட்டிருந்தோம். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். சோதனைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி வருகிற அன்று காலையில் பார்த்தால் ஒரு மீன்கூட இல்லை. ஒரு கொக்கு மட்டும் சுவரில் நிறைந்த வயிற்றோடு நின்றது.

தொட்டியில் விட மீன் வாங்கிவரச் சொல்லி டிரைவர் செல்வத்தைப் பொன்னேரி மார்க்கெட்டுக்கு விரட்டினேன். அவர் திரும்புவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கொக்கைப் பார்த்தார். "மீனைத் தின்ன பிறகும் அது நல்லாத்தானே இருக்கு?" என்று சிரித்துவிட்டு, தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். பரிசோதனையில் தேறிவிட்டோம் என்பது பிறகு வந்த செய்தி. அதிகாரியின் வண்டி கேட்டைத் தாண்டிய நேரம், செல்வம் மூச்சிரைக்க ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றார்.

"வஞ்சிரம் மேடம்! ஐஸ்ல வெச்சு கொணாந்துகீறேன், தொட்டில போட்டா இன்னும் ரெண்டு நாளைக்குக் கெடாது!"

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான்: கோடிக்கணக்கான பூச்சிகளைக் கட்டி மேய்த்துவிடலாம், ஒரு ஷிஃப்ட் மனிதர்களைத்தான் முடியாது.