நல்ல காலுக்குப் போட்ட கட்டு

எங்கள் பெண்கள் பள்ளி டிரில் டீச்சருக்கு ஒரு பொறாமை. பையன்கள் பள்ளிச் சாரணர்கள் மலையில் கூடாரமடித்துவிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. “அவனுகளுக்கு மட்டுந்தான் காலு இருக்கா?” என்று தலைமை ஆசிரியையிடம் சண்டை போட்டு, பொங்கல் கழிந்ததும் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துப் பெண்களை மலைக்குக் கூட்டிப்போக அனுமதி வாங்கிவிட்டார். யுத்தத்துக்கு முந்தைய காலம். முதுகுப்பை கடையில் கிடைக்குமா? தையல் வகுப்பில் காடாத்துணியில் நாங்களே தைத்துக்கொண்டோம். என் பையின் வார் மலையடிவாரம் போவதற்குள்ளேயே பிய்ந்துவிட்டது. தையலில் நான் எப்போதும் அப்படித்தான்.

மலையடிவாரம் என்றால் கூமாப்பட்டி. என் உயிர்த்தோழிக்கு அதுதான் சொந்த ஊர். வயலும் கிணறும் உள்ள குடும்பம். எங்களைப் போல வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இல்லை. போர்டிங்கில் என் பாய்க்கு அடுத்த பாய் அவளுடையது. அவள் படிப்புக்கு வீட்டில் ஒரு கெடு இருந்தது. ஆளாகும் வரை படிக்கலாம். ஆனதும் நிறுத்திவிட்டுத் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். எங்கள் எல்லாருக்கும் எப்போதோ ஆகிவிட்டது, அவளுக்கு மட்டும் ஆகவில்லை. அந்த ஒல்லி உடம்பின் புண்ணியத்தில்தான் ஆறாம் பாரம் வரை வந்திருந்தாள். பங்குனியில் சர்க்கார் பரீட்சை. அதில் தேறிவிட்டால் டீச்சர் டிரெயினிங் போகலாம். அவள் ஆசை அவ்வளவுதான்.

அந்த மாமா மாதம் தவறாமல் சைக்கிளில் வாழைப்பழம் கட்டிக்கொண்டு வருவார். “புள்ள எப்படி இருக்கா?” என்று வார்டனிடம் கேட்பார். கேள்வியின் அர்த்தம் போர்டிங் முழுக்கத் தெரியும். அவர் கொண்டுவந்த பழத்தைத் தின்றுகொண்டே அவரைத் திட்டுவேன்.

மலையில் வழிகாட்ட, அங்கேயே குடியிருக்கும் பளியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். தேன் எடுத்துக் கூமாப்பட்டியில் விற்கிறவர்கள். அவர் அரிவாளால் முள்ளை விலக்கிக்கொண்டு முன்னால் போக, அந்த அக்கா யாரும் விட்டுப்போகாமல் கடைசி ஆளாக வருவார். முதல் நாள் முழுக்க ஏற்றம். யானை லத்தியைப் பார்த்து அலறினோம். ஓடைக்கரையில் நாங்களே சோறு பொங்கினோம். பசி ருசி அறியாது என்பது சரிதான். கல்லும் அரிசியும் ஒன்றாகவே உள்ளே போனது.

மறுநாள் காலை, உச்சிப் பாறைக்குப் புறப்படுகிற நேரத்தில் அவள் என்னைப் புதர்ப் பக்கம் இழுத்துப் போனாள். முகம் வெளிறியிருந்தது.

“ஏட்டி, வந்திருச்சுட்டி,” என்றாள்.

வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் மாற்றுப் பாவாடையை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

திரும்பினால் பளியக்கா நிற்கிறார். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாமி இருக்கிற இடம். இந்த நிலையில் ஒரு பெண் அதைத் தாண்டக் கூடாது. அவர் புருஷனுக்குத் தெரிந்தால் எங்கள் எல்லாரையும் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுவார். அப்புறம் காரணம் கூமாப்பட்டிக்குத் தெரியாமல் இருக்குமா? அக்கா செத்த நேரம் அவளையே பார்த்தார். பிறகு முன்னால் நின்றவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

“இந்தப் புள்ளைக்குக் காலு பிசகிருச்சு. நானும் இதுவும் இங்கனயே இருக்கோம். நீங்க போயிட்டு வாங்க.”

டீச்சர் ஓடி வந்தார். விஷயத்தை அவர் காதில் சொன்னேன். பொய் சொன்னால் வெயிலில் முழங்கால் போட வைக்கிறவர் அவர். அவரே முதலுதவிப் பெட்டியைத் திறந்து, நல்ல காலுக்குக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கட்டுப் போட்டார். “மூஞ்சியச் சுளிட்டி. வலிக்கிற மாதிரி இரு,” என்று மட்டும் சொன்னார். நானும் அவளோடு தங்கிவிட்டேன். உச்சியைப் பார்க்காத வருத்தம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

இறங்கும்போது பளியக்கா வெட்டிக் கொடுத்த கம்பை ஊன்றி நொண்டினாள். எந்தக் கால் என்பது இடையிடையே மறந்துபோனது. மற்றப் பெண்கள் ஒன்றும் மண்டுகள் இல்லை, விஷயம் புரிந்துவிட்டது. ஓட்டைவாய்க் கூட்டம் அது. ஆனால் ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

கூமாப்பட்டித் தெருவில் மாமா நின்றிருந்தார். கட்டைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். “ஐயையோ, புள்ளைக்கு என்ன ஆச்சு? காலு சரியாகுற வரைக்கும் வீட்டுலயே கெடக்கட்டும், டீச்சரம்மா. சுளுக்கு வழிக்கிறவர இப்பவே கூட்டியாரேன்.”

எங்கள் பொய்யே எங்களுக்குக் குழி பறித்துவிட்டது. வீட்டுக்குள் போனால் ஒரு பொழுதுகூட மறைக்க முடியாது. அத்தோடு பரீட்சையும் போச்சு. அவள் நகம் பதிய என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டார். மகளை உட்காரவைத்துக் கட்டின்மேல் கையை வைத்துக் கணுக்காலை அழுத்தினார். கழுதை, கத்த மறந்துவிட்டாள். அம்மா இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கட்டியிருந்தது வேறு யார் பாவாடையோ என்பதையும் பார்த்தார்.

“லேசான பிசகுதான் தம்பி,” என்றார் எழுந்து. “பள்ளிக்கூடத்துல மருந்து இருக்கும். பரிச்ச நேரத்துல இங்க எதுக்கு? போகட்டும்.”

அடுத்த வாரம் அம்மா தனியாக போர்டிங்குக்கு வந்தார். தூக்குச்சட்டி நிறைய உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க. ஆளான பெண்ணுக்கு இடுப்புப் பலத்துக்கென்று கொடுப்பது. “மலையேறுன புள்ளைகளுக்கு இடுப்பு வலிக்கும்லா? எல்லாருக்குந்தான் கொண்டாந்தேன்,” என்று எங்கள் ஒவ்வொருத்தி கையிலும் உருட்டி வைத்தார். மகளுக்கு மட்டும் வாயில் ஊட்டினார். ஊட்டும்போது வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியையல்லவா ஏமாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பரீட்சை முடிந்து, சித்திரையில், அப்போதுதான் ஆனது போலச் சடங்கு வைத்தார்கள். நானும் போயிருந்தேன். மாமா தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் கொண்டுவந்தார். கூட்டம் கலைந்ததும் அம்மா அவர் முன்னால் போய் நின்றார்.

“தம்பி, இது தையிலயே ஆயிருச்சு. பரிச்ச எழுதட்டும்னு ஒங்கிட்ட மறச்சுட்டேன். இன்னும் டீச்சர் டிரெயினிங் படிக்கணும்னு ஆசப்படுதா. இனி நீ சொல்லுறதுதான்.”

அவர் கத்துவார், பதிலுக்குக் கத்தலாம் என்று நான் தயாராகவே நின்றேன். அவர் தலை நிமிரவில்லை.

“எம்புட்டுப் பேரு சேந்து மறச்சிருக்கீக,” என்றார். “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாமா என் பக்கம் திரும்பி, “அந்த டிரெயினிங் எந்த ஊருலம்மா?” என்று கேட்டார்.