ஞானம்மாள் சொன்ன ஜெபக்குறிப்பு

காட்டாங்குளத்தூரில் காலேஜ் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் ஞானம்மாள் சமையல் வேலை செய்கிறாள். தாம்பரத்தில் எங்கள் தெருதான். புருஷன் தவறின பிறகு அவளுக்கு அந்த அடுப்பும், வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபமும்தான் உலகம். பொய் சொல்ல வராது. குழம்பில் உப்பு கூடிப்போனால் பரிமாறும்போதே சொல்லிவிடுவாள்.

அந்த ஹாஸ்டலில் மிருதுளா என்கிற பிள்ளை காணாமல் போனாள். போலீஸ் வந்து பிள்ளைகளை விசாரித்தது. ஹாஸ்டல் நடத்துகிற சத்யபிரியா அழுது அழுது முகம் வீங்கிப் போனாள். பிள்ளைகளுக்கு அவள் ‘அக்கா’. காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாளாம். மனசு கேட்காமல் நான்தான் அவளை எங்கள் ஜெபத்துக்குக் கூப்பிட்டேன். வந்து பின்னால் சுவரோரம் உட்கார்ந்தாள்.

ஜெபத்துக்கு முன்னால் அவரவர் பாரத்தை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வழக்கம். பிறகு எல்லோரும் கண்ணை மூடி அதற்காக ஜெபிப்போம். வேலை முடித்துப் பிந்தி வந்த ஞானம்மாள் பின்னால் யார் என்று பார்க்கவில்லை.

“குன்றத்தூர்ல என் தங்கச்சி வூட்ல ஒரு காலேஜ் பிள்ளை பயந்துபோய் ஒளிஞ்சுகினு கீது. அதுக்காக ஜெபிங்க.”

ஆமென் சொல்லிக் கண் திறந்தால் சத்யபிரியா இல்லை.

“உங்க ஹாஸ்டல் அம்மா இப்ப இங்கதானே இருந்தாங்க?” என்றேன்.

ஞானம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோ ஏறினாள்.

“மிருதுளாவை நான்தான் அங்க வெச்சிருக்கேன்க்கா. நிறைய அரியர். வூட்டுக்குத் தெரியாது. இந்த ஹாஸ்டல் அம்மாகிட்ட சொல்லி அழுதிருக்கு. ‘உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரே போயிடும், நான் சொல்ல மாட்டேன்’னு சொல்லிச் சொல்லியே, மத்த பிள்ளைங்க ரகசியத்தை எல்லாம் இந்தப் பிள்ளை வாயாலயே கறந்துட்டா. தாங்காம ஓடியாந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு என் காலைப் புடிச்சுது. ஆண்டவர்கிட்டதானே சொல்றோம்னு ஜெபத்துல சொல்லிட்டேன். தங்கச்சி வூடு அந்தம்மாவுக்குத் தெரியும்க்கா.”

காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளா இப்படி? எனக்கு நம்ப முடியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சத்யபிரியா கட்டிலில் உட்கார்ந்து மிருதுளாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பை தயாராக இருந்தது.

“ஆன்ட்டி, அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் அவங்களைப் புரிஞ்சுக்கல. நான் அவங்ககூடயே போறேன்” என்றது பிள்ளை ஞானம்மாளிடம்.

“குழந்தை பாவம். வீட்டுக்கு எதுவும் தெரியாம நான் பார்த்துக்கறேன்” என்று சத்யபிரியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுது வீங்கின அதே முகம்.

மிருதுளாவின் தாய் மகளைத் தேடி ஹாஸ்டலுக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு ஞானம்மாள் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அம்மா, மிருதுளா நல்லா இருக்குது, என் தங்கச்சி வூட்ல. பரீட்சையில நிறைய அரியர் வெச்சிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்துதான் ஒளிஞ்சுது.”

சீப்பு நின்றது. போனில் அழுகையோடு ஒரு கேள்வி வந்தது.

“அவ சாப்ட்டாளா?”

மிருதுளா பாதி பின்னின சடையோடு எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள்.